லவீனியாவின் கோப்பு மூடப்பட்ட கதை

லவீனியா பெட்டிவேக்கு நின்ற இடத்தில் நிற்கத் தெரியாது. சலவைக் கூடத்தில் அவளும் நானும் பதினாறு வருஷம் ஒரே மேசையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்திருக்கிறோம். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டடி முன்னால் வந்து சேர வேண்டும், மறுபடி விலக வேண்டும். நான் முன்னால் வருவதற்குள் அவள் என் முனையையும் சேர்த்துப் பிடுங்கி மடித்து அடுக்கிவிட்டு அடுத்ததை இழுப்பாள். சாப்பாட்டு வேளையிலும் உட்கார மாட்டாள். ஜன்னலோரம் நின்றபடியே ரொட்டியைக் கடித்துக்கொண்டு, ஏரித் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளைப் பார்ப்பாள்.

"உக்காரேன்டி. நாற்காலி கடிக்குமா?" என்பேன்.

"உக்காந்தா எந்திரிக்கச் சொல்லுவாங்க, மெர்சி," என்பாள்.

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். அந்தப் பதினாறு வருஷத்தில் அவள் எட்டு வீடு மாறினாள். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்வாள். வெந்நீர் வரவில்லை, மாடிக்காரன் டிரம் அடிக்கிறான், சுவரில் பூஞ்சணம். உண்மைக் காரணம் எப்போதும் ஒன்றுதான். கட்டடம் கைமாறும், புதிதாக வந்த சொந்தக்காரர் குடியிருப்பவர்களின் பெயரையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பார். லவீனியாவின் பெயருக்கு நேராக ஒரு வரி வரும். ஆயுதத்தால் தாக்கிக் காயப்படுத்திய குற்றம், தண்டனை பெற்றவர். அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

இது எனக்குத் தெரிய வந்தது அவளுடைய அக்கா ஓடெஸ்ஸாவின் சிறுநீரகம் கெட்டுப்போன வருஷத்தில். ஓடெஸ்ஸா எங்கள் தேவாலயத்தில் முப்பது வருஷம் பாடியவள். வாய் கொஞ்சம் நீளம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்த மையத்துக்கு எதிரிலேயே, உடம்பு முடியாதவர்களுக்கென்று கட்டிய செங்கல் அடுக்குமாடியில் அவளுக்கு ஒரு வீடு கிடைத்தது. லிஃப்ட் உண்டு, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, இரண்டாவது அறையும் உண்டு. லவீனியா கூடவே தங்கிப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. வழக்கமான விசாரிப்பு முடிந்ததும் மேனேஜர் கூப்பிட்டார்.

"உங்க அக்கா வரலாம். நீங்க வர முடியாது."

"நான் இல்லாம அவளால குளிக்கக்கூட முடியாதுங்க."

"பகல்ல வந்து பாத்துக்கோங்க. ராத்திரி தங்கக் கூடாது. விதி அப்படி."

அன்றைக்கு மடிப்பு மேசையில் விரிப்பின் இரு முனைகளும் என் கையிலேயே இருந்தன. அவள் இயந்திரங்களுக்கு நடுவே போவதும் வருவதுமாக நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. ஜூலை மாதம். மாமா வீட்டுப் பின்கட்டில் அடுப்பு மூட்டி, பன்றி விலாக்கறி வாட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளை விட்டுப்போன டெர்வின், எதுவுமே நடக்காத மாதிரி காரை ஓட்டிக்கொண்டு வந்து பின்வாசலில் நிறுத்தினான். பக்கத்து இருக்கையில் கார்லீன் என்று ஒரு பெண். லவீனியா ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பீர் பாட்டிலை எடுத்து வீசினாள். கார்லீனின் புருவத்திலிருந்து தாடை வரை கிழிந்தது. இருபத்திரண்டு தையல். லவீனியாவுக்கு ஒன்பது மாதம் சிறை, பிறகு மூன்று வருஷம் கண்காணிப்பு அதிகாரி முன்னால் போய்க் கையெழுத்து.

"காரைப் பாத்துத்தான் வீசினேன்," என்றாள். "கண்ணாடி ஏத்தியிருக்குன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அவள் மேல் ஒரு வழக்கும் இல்லை. வேகமாக ஓட்டியதற்கான சீட்டுகூடக் கிடையாது. அப்போதே இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

சனிக்கிழமைகளில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இலவச வக்கீல்கள் வந்து உட்காருவார்கள். நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போனேன். மிஸ் வோய்ச்சிக் என்று ஒரு இளம் வக்கீல். மூக்கில் சளி, மேசை முழுக்கக் காகிதம். லவீனியாவின் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"திருட்டா இருந்தா மூடிடலாம். போதைப்பொருள் சின்னக் கேஸா இருந்தாலும் மூடிடலாம். கோர்ட்ல மனு போட்டா, பதிவுக்கு சீல் வெச்சு, வீட்டுக்காரங்க, முதலாளிங்க யாரும் பாக்க முடியாதபடி செஞ்சிடுவாங்க. ஆனா இது காயப்படுத்தின கேஸ். நம்ம மாநிலத்துல இதுக்கு மட்டும் வழியே இல்ல."

"எத்தனை வருஷம் ஆனாலுமா?"

"நீங்க செத்தாலும் திறந்தேதான் இருக்கும்."

வக்கீல் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். மாநிலத் தலைநகரில், சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்திருக்கிறதாம். பதினைந்து வருஷம் வேறு குற்றம் செய்யாமல் இருந்தால், மனுப் போடாமலேயே கம்ப்யூட்டர் அந்தப் பதிவைத் தானாக மூடிவிடும். காயப்படுத்திய வழக்குகளுக்கும் சேர்த்து. அதைப் பரிசீலிக்கும் குழு அடுத்த மாதம் கூடுகிறது. பொதுமக்கள் வந்து பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம்.

"திருடினவங்க நெறைய பேரு வந்து பேசுவாங்க, மிஸ் பெட்டிவே. அடிச்சவங்க யாரும் வாய திறக்கறதில்ல. குழுவுல இருக்கறவங்க உங்கள மாதிரி ஒருத்தர நேர்ல பாத்தா நல்லது."

ஓடெஸ்ஸாவிடம் இதைச் சொன்னபோது அவள் டயாலிசிஸ் நாற்காலியில் கையில் ஊசியோடு சாய்ந்திருந்தாள். சிரித்த சிரிப்பில் இயந்திரம் கூவ ஆரம்பித்து, நர்ஸ் ஓடி வந்தாள்.

"டிவில காட்டுவாங்களாடி?"

"இன்டர்நெட்ல போடுவாங்களாம்."

"அடியே, பெட்டியப் பூட்டணும்னு கேக்கறதுக்கு, அத ஊர் நடுவுல கவுத்துக் காட்டப் போறியா? இப்போ எட்டு வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும். அப்புறம் மீன்கடைக்காரன் வரைக்கும் தெரியும்."

"அப்போ போக வேணாங்கறியா?"

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்? அந்தப் பச்சைக் கோட்ட மட்டும் போட்டுட்டுப் போகாதே. அதுல நீ குற்றவாளி மாதிரியே இருக்க."

போவது என்று முடிவான பிறகு லவீனியாவுக்கு இருப்பே கொள்ளவில்லை. குழுவுக்கு முன்னால் பாதிக்கப்பட்டவர்களும் பேசலாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து கார்லீன் நினைப்பாகவே இருந்தாள். கார்லீன் இதே ஊரில்தான் இருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. லவீனியா இத்தனை வருஷமாக அந்தத் தெருவுக்கே போனதில்லை. மளிகைக் கடையில் தூரத்தில் அவளைப் பார்த்தால், வண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியேறிவிடுவாளாம்.

"நேர்ல போகாதீங்க," என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "அவங்க கேக்காம நீங்க போய் நிக்கறது அவங்களுக்கு இன்னொரு அடி."

லவீனியா அதை ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் காரில் ஏறி, "சும்மா அந்தத் தெரு வழியா போ, நிறுத்தாதே," என்றாள். போனேன். "இன்னொரு தடவை," என்றாள். அந்தத் தெரு நீளமில்லை. நாலாவது தடவை ஒரு மஞ்சள் வீட்டின் கதவு திறந்தது. ஏப்ரனோடு ஒரு பெண் இறங்கி வந்து, நடுத்தெருவில் நின்று, கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாள். புருவத்திலிருந்து தாடை வரை ஒரு வெளுத்த கோடு. லவீனியாவின் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"நாலு தடவை சுத்திட்டே. பெட்ரோல் சும்மாவா வருது?"

லவீனியா கண்ணாடியை இறக்கினாள்.

"மன்னிக்கணும். நான் வந்திருக்கக் கூடாது."

"வந்திருக்கக் கூடாதுதான். வந்துட்டே. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். அடுத்த மாசம் தலைநகரத்துல ஒரு கூட்டம். அங்க நான் பேசப் போறேன். நடந்தத மூடி வைக்கறதப் பத்தி... வேற யார் மூலமாவும் நீங்க கேட்டுடக் கூடாதேன்னு..."

கார்லீன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் காகிதத்த மூடிடுவாங்க. என் மூஞ்சிய யாரு மூடுவா?" என்றாள். "பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க தினமும் கேக்குதுங்க. முதலையோட சண்டை போட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீதான் அந்த முதலை. என்னிக்கு கூட்டம்?"

தேதியைச் சொன்னோம். "நானும் வருவேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எதற்காக வருகிறாள் என்று சொல்லவில்லை.

அந்த மூன்று வாரம் லவீனியா இயந்திரத்தைவிட வேகமாக மடித்தாள். பேச வேண்டியதைத் தாளில் எழுதுவாள், கிழிப்பாள், குப்பைத்தொட்டிவரை போய் மறுபடி எடுத்து வருவாள். மணி பார்த்து வாய்விட்டுப் படிப்பாள். இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி வந்ததும் நிறுத்திவிட்டு, "இதுல ஏதோ இல்ல," என்பாள். என்ன இல்லை என்று கேட்டால் அடுத்த தாளை எடுப்பாள்.

கூட்டத்தன்று நான்தான் காரை ஓட்டினேன். மூன்று மணி நேரப் பயணத்தில் நாலு இடத்தில் நிறுத்தச் சொன்னாள்; நாலு முறையும் இறங்கி, காரைச் சுற்றி நடந்துவிட்டு ஏறினாள். அங்கே நீள அறை. மேடைபோல உயர்ந்த மேசைக்குப் பின்னால் ஒன்பது உறுப்பினர்கள். பேசுபவர் முன்னால் மூன்று விளக்குகள் வைத்த சின்னப் பெட்டி. பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் வந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு வந்தால் மைக் நின்றுவிடும். கார்லீன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் தொப்பி.

லவீனியாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். தாளை விரித்தாள். பெயர், வயது, வேலை, அக்காவின் வியாதி, எட்டு வீடு. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "அன்னிக்கு நான் கார் மேல வீசின பாட்டில், கண்ணாடி திறந்திருந்ததால..." என்று படித்தவள் நிறுத்திவிட்டாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் தாளைத் திருப்பி வைத்தாள்.

"இல்லீங்க. இத நான் இருபத்தெட்டு வருஷமா தப்பா சொல்லிட்டு வர்றேன். ஜட்ஜ்கிட்டயும் தப்பாத்தான் சொன்னேன். கண்ணாடி இறக்கியிருந்தது எனக்குத் தெரியும். அவங்க முழங்கைய வெளிய வெச்சு உக்காந்திருந்தாங்க, வளையல் போட்டிருந்தாங்க. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் வீசினேன்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிஸ் வோய்ச்சிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மேசையின் ஓரத்தில் இருந்த உறுப்பினர் ஒரு காலத்தில் போலீஸில் இருந்தவராம். மைக்கை இழுத்தார். "உண்மையச் சொன்னதுக்கு நன்றி, அம்மா. ஆனா நீங்களே சொல்லுங்க. இப்படி ஒருத்தர் பக்கத்து வீட்டுக்கு வராங்கன்னா, வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சுக்க உரிமை இல்லையா?"

"எட்டு பேரு தெரிஞ்சுக்கிட்டாங்க, ஐயா. ஒருத்தர்கூட அந்தப் பொண்ணுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு என்னைக் கேக்கல. எப்போ காலி பண்றேன்னு மட்டும்தான் கேட்டாங்க."

சிவப்பு வந்தது. எழுந்தவள் தன் இருக்கைக்குப் போகாமல் நேராகக் கதவு வரை போய், வெளியே போக முடியாமல், அங்கேயே சுவரோரம் நின்றுவிட்டாள்.

ஆறு பேர் கழித்து கார்லீனின் முறை வந்தது. அவள் கையில் தாள் எதுவும் இல்லை.

"அந்த வளையல் போட்டிருந்தவ நான்தான்," என்றாள். "இவ சொன்னது எனக்கு அன்னிக்கே தெரியும். எங்க ரெண்டு பேருக்கும் கண்ணுக்குக் கண்ணு பட்டுச்சு. இருபத்தெட்டு வருஷமா ஊரு முழுக்க 'பாவம், தவறிப் பட்டுடுச்சு'ன்னு என்கிட்டயே சொல்லிட்டிருந்தாங்க. இன்னிக்குத்தான் முதல் தடவையா வேற ஒருத்தர் வாயில அத கேக்கறேன்."

கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

"நான் இத எதிர்க்கறதுக்குத்தான் வந்தேன். இவள நான் மன்னிக்கல, அதையும் எழுதிக்கோங்க. ஆனா இவள வீட்ட விட்டுத் துரத்தினாங்கன்னு சொல்றாளே, அது எனக்காக யாரும் செஞ்சது இல்ல. அந்த வீட்டுக்காரங்க எவனுக்கும் என் பேரே தெரியாது. இவ குளிருல பெட்டிய தூக்கிட்டு அலைஞ்சா என் கன்னம் சரியாயிடுமா? மூடுங்க. ஆனா கம்ப்யூட்டர் பாட்டுக்கு சத்தமில்லாம மூடக் கூடாது. மூடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கடுதாசி வரணும். நான் ஏதாவது சொல்லணும்னா சொல்லணும். என் வாழ்க்கையில நடந்தது எனக்குத் தெரியாம ஒரு பெட்டிக்குள்ள போகக் கூடாது. அவ்ளோதான்."

மஞ்சள் விளக்கே வரவில்லை. அதற்குள் முடித்துவிட்டாள்.

வெளியே நடைபாதையில் லவீனியாவைத் தாண்டிப் போகும்போது கார்லீன் ஒரு கணம் நின்றாள். லவீனியா வாயைத் திறந்தாள்.

"இப்போ ஒண்ணும் சொல்லாதே," என்றாள் கார்லீன். "சொல்ல வேண்டியத அங்க சொல்லிட்டே." தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிவிட்டாள்.

அந்த வீடியோவை ஓடெஸ்ஸா சொன்ன மாதிரியே மீன்கடைக்காரன்வரை பார்த்தார்கள். சலவைக் கூடத்தில் சிலர் கட்டிப்பிடித்தார்கள். லாரி ஓட்டும் ஒருவன் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, தன் பெயரிலும் ஒரு பதிவு இருப்பதாகக் காதோடு சொன்னான். சூப்பர்வைசர் கெஸ்லர் ஒன்றுமே சொல்லவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை அவளை மடிப்பு மேசையிலிருந்து எடுத்து, பின்பக்கம், ரத்தமும் மலமும் ஒட்டிய அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு மாற்றினார். "ஆள் குறைவு," என்றார். அங்கே ஏற்கெனவே ஒருவர் கூடுதலாக இருந்தார். நான் சண்டைக்குப் போகக் கிளம்பினேன். லவீனியா தடுத்துவிட்டாள். முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் அந்த அறையில் நின்றாள்.

மசோதா நேராகப் போய்ச் சேரவில்லை. ஒருமுறை தள்ளி வைத்தார்கள். ஒருமுறை காயப்படுத்திய வழக்குகளை மொத்தமாக வெட்டிவிடலாம் என்று பேச்சு வந்தது. அப்போதெல்லாம் லவீனியா ஓய்வு நேரத்தில் கூடத்தின் பின்வாசலுக்கும் வேலிக்கும் நடுவே நடந்துகொண்டே வக்கீலுக்குப் போன் போடுவாள். கடைசியில் காயப்பட்டவருக்கு முன்கூட்டியே கடிதம் போக வேண்டும், அவர் மறுத்தால் நீதிபதி கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று சேர்த்து நிறைவேற்றினார்கள். ஆளுநரின் கையெழுத்தும் ஆனது. நடைமுறைக்கு வர இன்னும் ஒரு வருஷம் என்றார்கள்.

அந்த ஒரு வருஷத்துக்குள், ஒரு பிப்ரவரி காலையில், லவீனியா பஸ் பிடித்து வந்து சேர்வதற்கு முன்பே அந்த அடுக்குமாடியில் தனியாக இருந்த ஓடெஸ்ஸா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். நாற்பது நிமிடம் தரையில் கிடந்திருக்கிறாள். லவீனியா ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்றைக்கு நடந்த நடையை எண்ணியிருந்தால் தலைநகர் வரை போயிருப்பாள்.

"உக்காருடி, தல சுத்துது எனக்கு," என்றாள் ஓடெஸ்ஸா கட்டிலில் இருந்து.

"நான் அங்க தங்கியிருந்தா..."

"தங்கியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்திருப்போம். உன் காலு உனக்கே நிக்காது."

சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்தாவது மாதம் லவீனியாவின் போன் அடித்தது. நானும் பக்கத்தில் இருந்தேன். புதிய எண்; ஸ்பீக்கரில் போட்டாள்.

"கார்லீன் பேசறேன். கோர்ட்லேர்ந்து கடுதாசி வந்துது."

லவீனியா போனைப் பிடித்தபடி நடக்க ஆரம்பித்தாள்.

"மறுப்பு இல்லைன்னு கட்டத்துல குறி போட்டுட்டேன். கீழ ரெண்டு வரி எழுத இடம் விட்டிருந்தாங்க, எழுதியிருக்கேன். என்ன எழுதினேன்னு கேக்காதே."

"கேக்க மாட்டேன்."

"சரி," என்று சொல்லி வைத்துவிட்டாள். அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியாது.

கோப்பு மூடப்பட்டது. அதோடு முடியவும் இல்லை. ஓடெஸ்ஸாவின் அடுக்குமாடி மேனேஜர் ஆட்களைப் பற்றி விசாரிக்கும் தனியார் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் பழைய நகல் இன்னும் கிடந்தது. மறுபடி அதே வரி, மறுபடி மறுப்பு. மிஸ் வோய்ச்சிக் மூன்று கடிதம் எழுதி, நாலாவதில் வழக்குப் போடுவேன் என்று எழுதிய பிறகுதான் அந்த வரி அங்கிருந்தும் போனது. அதற்கு ஏழு வாரம்.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மேனேஜரின் அறைக்குப் போனோம். ஓடெஸ்ஸா சக்கர நாற்காலியில், லவீனியா நின்றுகொண்டு, நான் பின்னால். பெயர் சேர்ப்பதற்கான படிவத்தை மேனேஜர் நீட்டினார். மூன்றாவது கேள்வி: எப்போதாவது குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா?

லவீனியாவின் பேனா அங்கே நின்றுவிட்டது. மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் வீடியோ பார்த்தவர்தான்.

"எழுதுடி," என்றாள் ஓடெஸ்ஸா. "மூடினதுக்கு அப்புறம் இல்லைன்னு எழுதலாம்னு சட்டமே சொல்லுதுன்னு அந்தச் சளி மூக்கு வக்கீல் எத்தனை தடவை சொன்னா?"

"சொன்னா."

"அப்புறம்?"

"பொய் சொல்ற மாதிரி இருக்கு, அக்கா. இப்பத்தான் ஒரு பொய்ய விட்டொழிச்சேன்."

"இது உன் கேள்வி இல்ல. அவங்க கேள்வி. அவங்களுக்கு வேண்டிய பதில எழுது. உன்கிட்ட நான் கேட்டா என்கிட்ட உண்மையச் சொல்லு."

லவீனியா பேனாவை அழுத்தி 'இல்லை' என்று எழுதினாள். தாள் கொஞ்சம் கிழிந்தது. மேனேஜர் அதை வாங்கி, பார்க்காமலேயே கோப்பில் வைத்து, சாவியை மேசையில் வைத்தார்.

சாவியை அவள் எடுத்ததை நான் பார்த்தேன். ஆனால் மாடிக்குப் போகவில்லை. நடைவழியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள்; திரும்பினாள்; மறுபடி நடந்தாள். தாழ்ந்த குரலில் தனக்குத் தானே ஏதோ சொல்லிக்கொண்டாள். அவள் சொன்னது 'ஆமா, நான்தான்' என்று என் காதில் விழுந்தது. சரியாகக் கேட்டேனா தெரியவில்லை.

"பதினோரு மணிக்கு எனக்கு ஊசி குத்தணும்," என்று ஓடெஸ்ஸா நாற்காலியிலிருந்து கத்தினாள். "நடக்கறதுதான் நடக்கற, என்னையும் தள்ளிட்டு நட!"

லவீனியா வந்து நாற்காலியின் பிடியைப் பற்றினாள். எதிரிலிருந்த டயாலிசிஸ் மையத்துக்குத் தெருவைக் கடந்தபோது அவள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.